டேங்கர் லாரித் தொழிலுக்கு எந்த வகைக் குறியீடு?

வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு மருத்துவச் செலவையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் ஒரு பங்கையும் தருவது அமெரிக்காவின் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. தவறு முதலாளியுடையதா தொழிலாளியுடையதா என்று அது பார்ப்பதில்லை. 1911இல் விஸ்கான்சினில் நிலைபெற்ற இந்த ஏற்பாடு, 1948இல் மிசிசிப்பியும் சட்டம் இயற்றியபோது நாடெங்கும் பரவிவிட்டது. டெக்சஸில் தனியார் முதலாளிகள் இதிலிருந்து விலகியிருக்கலாம்.

பிரீமியம் ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு தொழில் வகைக்கும் பொதுவாக நான்கு இலக்கக் குறியீடு உண்டு. ஊதியத்தில் 100 டாலருக்கு இவ்வளவு என்ற விகிதமும் உண்டு. விகிதம் 8 டாலர், ஆண்டு ஊதியம் 5,00,000 டாலர் என்று கொண்டால் அடிப்படை பிரீமியம் 40,000 டாலர். நிறுவனத்தின் முந்தைய ஆண்டுகளின் விபத்து அனுபவத்தைக் காட்டும் எண்ணால் அது பெருக்கப்படும். அந்த எண் 0.90 ஆனால் 36,000 டாலர், 1.20 ஆனால் 48,000 டாலர்.

பெரும்பாலான மாநிலங்களில் குறியீடுகளை வகுப்பது தேசிய இழப்பீட்டுக் காப்பீட்டுக் குழு. கலிபோர்னியா, நியூயார்க் போன்றவை தமக்கெனத் தனி அமைப்பு வைத்துள்ளன. ஒஹையோ, வாஷிங்டன், வயோமிங், வடக்கு டகோட்டா ஆகிய நான்கிலும் இந்தக் காப்பீட்டை மாநில நிதியமே வழங்குகிறது.

ஒவ்வொருவரும் செய்யும் வேலையை அல்ல, நிறுவனத்தின் தொழிலையே வகைப்படுத்த வேண்டும் என்பது அடிப்படை விதி. அதனால் லாரி நிறுவனத்தின் டிரைவரும் மெக்கானிக்கும் ஒரே குறியீட்டில் வருவார்கள். விதிவிலக்காக, அலுவலக எழுத்தர் 8810 என்றும், வெளியே சென்று விற்பனை பேசுபவர் 8742 என்றும் தனியே வைக்கப்படுவார்கள்.

பிறருடைய பெட்ரோலையோ பாலையோ ரசாயனத்தையோ வாடகைக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனம் சரக்கு லாரி வகையில் சேரும். 200 மைல் சுற்றளவுக்குள் ஓடுவதற்கு 7228, அதைத் தாண்டினால் 7229 என்று முன்பு பிரித்திருந்தார்கள். பின்னர் இரண்டும் 7219 என்ற ஒரே குறியீட்டில் இணைந்தன. எரிபொருளைத் தானே வாங்கி விற்று, வாடிக்கையாளரிடம் கொண்டுபோய் இறக்கும் வணிகருக்கு 8350. திரவ பெட்ரோலிய வாயு விற்பவருக்கு 8353. லாரி ஒன்றுபோல இருக்கலாம், டிரைவரின் வேலையும் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் நிறுவனம் பிழைப்பது வாடகையாலா விற்பனையாலா என்பதே வகையை முடிவு செய்கிறது. இரு வகையிலும் மாறிமாறி வேலை செய்பவருக்கு நேரக் கணக்கு எழுதிவைக்காவிட்டால், அவருடைய ஊதியம் முழுவதும் அதிக விகிதமுள்ள வகைக்கே போகலாம்.

இந்தத் தொழிலின் ஆபத்துகள் சாலையோடு முடிவதில்லை. பாதி நிரம்பிய தொட்டியில் திரவம் முன்னும் பின்னும் அலைந்து மோதி, வளைவில் லாரியைக் கவிழ்த்துவிடும். பால் தொட்டிகளைச் சுத்தமாகக் கழுவ வேண்டியிருப்பதால் உள்ளே தடுப்புகள் வைப்பதில்லை. அங்கே அலைவு இன்னும் கடுமை. தொட்டியின் மேலேறி மூடியைத் திறப்பவர் வழுக்கி விழக்கூடும். நிலைமின்சாரப் பொறி பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும். கழுவுவதற்காகத் தொட்டிக்குள் இறங்குபவரை ஆக்சிஜன் குறைவோ நச்சு ஆவியோ சில நிமிடங்களில் கொன்றுவிடும். அனுமதி பெற்று, காற்றைச் சோதித்த பிறகே இறங்க வேண்டும் என்று 1993இல் கூட்டாட்சி விதி வந்ததும் இதனால்தான்.

பாலிசி ஆண்டு முடிந்ததும் காப்பீட்டு நிறுவனம் தணிக்கை செய்யும். ஓவர்டைம் ஊதியத்தில் கூடுதலாகக் கொடுத்த பகுதியைத் தனியே காட்டினால், பல மாநிலங்களில் அது கணக்கிலிருந்து கழிக்கப்படும். சொந்த லாரி ஓட்டும் ஒப்பந்த டிரைவரிடம் காப்பீட்டுச் சான்று இல்லையென்றால், அவருக்குக் கொடுத்த தொகைக்கும் பிரீமியம் கேட்கப்படலாம். குறியீடு தவறு என்று கருதும் முதலாளி மறுபரிசீலனை கோரலாம்.

குறியீடு தவறாக இருப்பதால் மட்டும் காயம்பட்ட தொழிலாளியின் உரிமை குறைந்துவிடாது. உண்மையில் ஊழியராக இருப்பவரை ஒப்பந்தக்காரர் என்று எழுதிவைப்பதுதான் பெரிய அநீதி. அப்படி எழுதப்பட்டவர், காயம்பட்ட நாளில் மருத்துவச் செலவுக்கே வழக்காட வேண்டியிருக்கும். எனவே தொழிலையும் ஆட்களையும் உள்ளபடி பதிவு செய்வதே முதலாளியின் முதல் கடமை.