30 நாளில் புத்தகம், ஓவியம், எழுத்து எல்லாமே முடியுமா? மணமேல்குடி கடலோரத்தில் இருக்கும் விடை

மாதத்தின் முதல் தேதி. போனில் புதிதாக ஒரு பட்டியல்: நாலு நாவல், தினமும் ஒரு ஓவியம், பாதியில் நிற்கும் சிறுகதை, வார இறுதியில் கித்தார் கிளாஸ், காலையில் ஓட்டம். முதல் வாரம் எல்லாம் ஜோராகப் போகும். பத்தாம் தேதி வாக்கில் ஓவியம் நின்றுபோகும். பதினைந்தாம் தேதி ராத்திரி, வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும்.

‘நேரம் இருந்துச்சே, ஏன் முடியல?’ என்ற கேள்வி அப்போதுதான் வரும். கூடவே, ‘நமக்கு ஒழுக்கம் பத்தாது’ என்ற குற்ற உணர்வும் வரும்.

பெரும்பாலும் பிரச்சினை ஒழுக்கத்தில் இல்லை. பட்டியல் போடும்போது நாம் நேரத்தைக் கணக்கு பார்க்கிறோம், தெம்பைப் பார்ப்பதில்லை. அளவுள்ள ஒன்றைப் பலர் பங்கு போட்டு எடுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி கடற்கரை நல்ல இடம்.

மணமேல்குடி கடலில் என்ன நடக்கிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாக் நீரிணையை ஒட்டி இருக்கும் ஊர் மணமேல்குடி. இந்த வட்டத்தில்தான் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்ற இரண்டு விசைப்படகு மீன்பிடித் தளங்கள் இருக்கின்றன. அதே கரையில் நாட்டுப்படகு மீனவர்களும் தொழில் செய்கிறார்கள். கடல் ஒன்று, படகு இரண்டு வகை. விசைப்படகின் இழுவலை போகும் நாளில் நாட்டுப்படகின் வலை அறுபடும், அதனால் தகராறு வரும்.

இதற்குப் பாக் நீரிணைப் பகுதியில் பல ஆண்டுகளாக இருக்கும் ஏற்பாடு, நாளைப் பிரித்துக்கொள்வது. விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், வழக்கமாகத் திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. எல்லா வலையும் ஒரே நாளில் இறங்காது.

இதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை முழு நிறுத்தம் வருகிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை, 2017-ல் 61 நாளாக நீண்டது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய அவகாசம் தருவதே நோக்கம். தினமும் அள்ளினால் அடுத்த வருஷத்துக்கு மிஞ்சாது என்ற எளிய கணக்கு.

அந்த நாட்களில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைக் கழற்றி மாட்டுவது, வலையைச் சரிசெய்வது என்று கரையில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். கடலில் இருக்கும் நாட்களில் செய்ய முடியாத வேலைகள் இவை. இந்த ஓய்வு யாருக்கும் இலவசமாகவும் கிடைப்பதில்லை. வருமானம் நிற்பதால், அரசு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் தருகிறது.

மாதப் பட்டியல் போடுகிறவர்கள் தவறவிடுவது இந்த இரண்டையும்தான்: நாளைப் பிரிப்பது, நிறுத்தும் காலத்தை முன்கூட்டியே குறித்துவைப்பது.

30 நாள் சவால் எங்கிருந்து வந்தது?

நமக்கு இது புதிதில்லை. ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாசுரங்கள். மார்கழியில் நாளுக்கு ஒன்று பாடுவது வழக்கம். கூடவே வாசலில் தினம் ஒரு கோலம். ஆனால் அங்கே நாளொன்றுக்கான அளவு சிறியது, ஊரே சேர்ந்து செய்தது.

இன்றைய வடிவத்தைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் நானோரைமோ. 1999-ல் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களோடு சேர்ந்து, மொத்தம் 21 பேராக சான் பிரான்சிஸ்கோ பகுதியில் தொடங்கினார். ஒரு மாதத்தில் 50,000 சொற்களில் ஒரு நாவல் என்பது இலக்கு. அடுத்த ஆண்டிலிருந்து அது நவம்பருக்கு மாறி, உலகம் முழுக்கப் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025-ல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது, பழக்கம் மட்டும் தொடர்கிறது. ஓவியர்களுக்கு ஜேக் பார்க்கர் 2009-ல் தொடங்கிய இங்க்டோபர் இருக்கிறது: அக்டோபர் முழுக்க தினம் ஒரு மை ஓவியம்.

50,000 சொல்லை 30-ஆல் வகுத்தால் நாளுக்கு சுமார் 1,667 சொற்கள். எட்டு ஒன்பது மணி நேர வேலைக்குப் பிறகு இது தனியாகவே ஒரு முழு வேலை. இதோடு நாலு நாவலும் கித்தாரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

‘ஆனா சிலர் தினமும் எழுதுறாங்களே?’ என்று கேட்கலாம். ஜெயமோகன் 2014 ஜனவரியில் ‘வெண்முரசு’ தொடங்கி, தினம் ஒரு அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் வெளியிட்டு, 2020 ஜூலையில் 26-வது நாவலோடு முடித்தார். அது ஒரே திட்டம். அதைத் தொடங்கும்போது அவருக்குப் பல ஆண்டு எழுத்துப் பழக்கம் இருந்தது. ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளியும் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஏன் நிற்கிறது?

ஆய்வுகள் மூன்று காரணங்களைக் காட்டுகின்றன.

முதலாவது, திட்டமிடும்போதே வரும் தவறு. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-ல் இதற்குப் பெயரே வைத்தார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்கும்போது, எல்லாம் நல்லபடி நடக்கும் நாளை நினைத்தே கணிக்கிறோம். போன மாதம் உண்மையில் எப்படிப் போனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. காய்ச்சல், ஊரில் ஒரு விசேஷம், ஆபீஸில் ஒரு டெட்லைன் எதுவும் பட்டியலில் இருக்காது. மாதத்தில் மட்டும் கட்டாயம் இருக்கும்.

இரண்டாவது, தாவும்போது ஒட்டிக்கொண்டு வரும் மிச்சம். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால், கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே நிற்கிறது என்று சோஃபி லெராய் 2009-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அரை மணி நேரம் எழுத்து, அரை மணி நேரம் ஓவியம், அரை மணி நேரம் வாசிப்பு என்று ஒரே ராத்திரியில் மூன்றையும் வைத்தால், எதற்கும் முழு அரை மணி நேரம் கிடைப்பதில்லை.

மூன்றாவது, ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்ற நினைப்பு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த, 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஆக 18 நாள் முதல் 254 நாள் வரை தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது. நடுவாந்திரமாக 66 நாள். 30 நாளில் பழக்கம் ஆகவில்லை என்றால் அது தோல்வி இல்லை. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

எல்லோருக்கும் ஒரே அளவு தெம்பா?

இல்லை. லூபஸ் என்ற நாள்பட்ட நோய் உள்ள கிறிஸ்டின் மிஸராண்டினோ, 2003-ல் தன் நிலையைத் தோழிக்கு விளக்க ஸ்பூன்களைப் பயன்படுத்தினார். காலையில் கையில் இருப்பது சில ஸ்பூன்கள்தான். குளிக்க ஒன்று, சமைக்க ஒன்று, வெளியே கிளம்ப ஒன்று. தீர்ந்தால் தீர்ந்ததுதான். நோய் இல்லாதவர்களுக்கு எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம், ஆனால் அவர்களுக்கும் அது முடிவில்லாமல் இருப்பதில்லை.

வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது என்பதும் இந்தக் கணக்கில் வரும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். ஒரே ஆபீஸ், ஒரே சம்பளம் என்றாலும் ராத்திரி புத்தகத்தைத் திறக்கும்போது இருவரும் ஒரே நிலையில் இல்லை.

உடல் காரணமும் இருக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் 5-வது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. வாரக்கணக்கில் அசதி போகவில்லை என்றால் தேவைப்படுவது புது ஆப் இல்லை. டாக்டரைப் பார்த்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதுதான்.

தெம்பே இல்லாதவர்கள் எப்படிப் படித்தார்கள்?

இதற்கும் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. வயல் வேலைக்கும் குடுமியான்மலை போன்ற இடங்களில் கல்குவாரி வேலைக்கும் போய்வந்த பெண்கள், வேலை முடிந்து எழுத்துப் படித்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். உற்சாகப்படுத்தப் பாட்டுகளும் உருவாயின. வாசிப்பு, பாட்டு, புதுத் திறமை மூன்றும் ஒன்றாக.

1992 சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, புதுக்கோட்டையில் சைக்கிளில் வலம் வந்தார்கள். பதினெட்டு மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் சைக்கிளுக்கு மாறியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். குழந்தையை உட்கார வைக்க முன்கம்பி வசதியாக இருந்ததால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

கையில் மிச்சமே இல்லாதவர்கள் இன்னொரு வேலையைச் சேர்த்துக்கொண்டும் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? சேர்த்த வேலை தெம்பைத் திருப்பிக் கொடுத்தது. சைக்கிள் வந்ததும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது குறைந்தது. தண்ணீர் எடுப்பது, விளைந்ததை விற்கப் போவது, பிள்ளைகளைக் கொண்டுவிடுவது எல்லாம் சீக்கிரம் முடிந்தது. மிச்சமான நேரம் அவர்களுடையதானது. தனியாக இல்லாமல் கூட்டமாகச் செய்ததும், ஒரு மாதக் கெடு இல்லாததும் உதவின.

அடுத்த மாதப் பட்டியலை எப்படிப் போடலாம்?

1. முதல் வாரம் கணக்கெடுப்பு மட்டும். ஒவ்வொரு பொழுதுபோக்குக்குப் பிறகும் தெம்பு கூடியதா, குறைந்ததா என்று ஒரு பிளஸ் அல்லது மைனஸ் குறியுங்கள். சிலருக்கு வாசிப்பு பிளஸ், சிலருக்கு மைனஸ். சைக்கிள் மாதிரி திருப்பித் தரும் ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும்.

2. பெரிய திட்டம் ஒன்றுதான். கதை எழுதுவது என்றால் அது மட்டும். அதற்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்களில் வாசிப்பு, ஓவியம் போன்ற சின்ன வேலைகள். பெரியதும் சின்னதும் ஒரே ராத்திரியில் வேண்டாம்.

3. கணக்கைச் சிறியதாக வையுங்கள். வாரம் மூன்று நாள் என்றால் மாதத்தில் சுமார் 13 நாள் கிடைக்கும். நாளுக்கு 400 சொல் எழுதினால் 5,200 சொற்கள். ஒரு நல்ல சிறுகதையின் முதல் வரைவுக்கு அது தாராளம். வாசிக்கும் நாட்களில் 15 பக்கம் என்றால், மாதம் ஒரு நடுத்தர அளவு புத்தகம் முடியும்.

4. மோசமான நாளுக்கும் ஓர் அளவு வையுங்கள். ரெண்டு பக்கம், ஒரு கோட்டோவியம், ஒரு வரி. அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடலாம், மறுநாள் ஈடுகட்ட வேண்டாம்.

5. தடைக்காலத்தை முன்கூட்டியே குறியுங்கள். மாதத்தின் கடைசி நாலைந்து நாட்களில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். எழுதியதைத் திருத்துவது, குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது, தூங்குவது. பெரியவர்களுக்கு ராத்திரி குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. அதில் கடன் வாங்கிப் படித்தால் மறுநாள் வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

6. ஒரு ஆளையாவது கூட்டுச் சேருங்கள். வாரம் ஒருமுறை ‘எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்க ஒரு நண்பர் போதும்.

ஒரு மாதத்தில் முடியாதது வீண் என்பதும் இல்லை. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. பல பத்தாண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை அவை.

பதினைந்தாம் தேதி ராத்திரி ஒரே பக்கத்தை மூன்றாவது முறை படித்துக்கொண்டிருப்பவர் அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்குவது. மறுநாள் அவரது பட்டியலில் ஐந்து இருந்தால், மூன்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம்.