பிறந்த நாளும் திருமுழுக்கு நாளும்: தேவாலயப் பதிவேட்டை வாசிப்பது எப்படி?

பட்டாவோ பத்திரமோ இல்லாத தலித் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் பெயர்கள், தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டில் எஞ்சியுள்ளன. குடும்ப வரலாறு தேடுவோர் அதில் காணும் தேதியை அப்படியே பிறந்த நாளாகக் கொண்டுவிடுவதுண்டு. அது பிழை. பிறப்புக்கும் திருமுழுக்குக்கும் இடையிலான கால இடைவெளியே ஒரு வரலாற்றுச் சான்று.

கத்தோலிக்கத் திருச்சபை 1563இல், திரெந்து பொதுச்சங்கத்தின் வழியாகத் திருமுழுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தை விண்ணகம் சேராது என்ற அச்சத்தால், பிறந்த சில நாள்களுக்குள் திருமுழுக்கு அளிப்பதே வழக்கமாயிற்று. குழந்தை உயிராபத்தில் இருந்தால் மருத்துவச்சிகூட நீர் ஊற்றலாம். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு வழிபாட்டு நூலோ, பிறப்பை அடுத்து வரும் முதலாம் அல்லது இரண்டாம் ஞாயிற்றைக் கடந்து தள்ளிப்போடலாகாது என்றது.

விதி வேறு, சேரியின் நிலை வேறு. பல சிற்றூர்ச் சபைகளில் உபதேசியார் மட்டுமே தங்கியிருந்தார். குருவானவர் எப்போதாவது வந்துபோனார். அவர் வரும்வரை குழந்தைகள் காத்திருக்க நேர்ந்தது. ஒரே தேதியில் பல குழந்தைகளின் பெயர்கள் வரிசையாக இருப்பின், அது குரு வந்த நாளாக இருக்கக்கூடும்.

முதல் தலைமுறையின் பதிவு இன்னும் வேறுபட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலித் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகச் சபையில் சேர்ந்தபோது, முதியவர் முதல் கைக்குழந்தை வரை ஒன்றாகவே ஞானஸ்நானம் பெற்றனர். அங்கே அந்தத் தேதி, ஒரு குடும்பம் தன் வழியை மாற்றிக்கொண்ட நாள்.

எனவே, பதிவேட்டில் பிறந்த தேதிக்குத் தனிப் பத்தி உண்டா எனப் பாருங்கள். இல்லையெனில் உடன்பிறந்தோரின் தேதிகளை ஒப்பிடுங்கள்: இரட்டையரல்லாத இருவருக்கு ஐந்து மாத இடைவெளியில் திருமுழுக்கு நடந்திருந்தால், மூத்த குழந்தைக்கேனும் அது தாமதமாகவே நடந்திருக்கும். திருமணம், அடக்கம், பள்ளிச் சேர்க்கை ஆகிய பதிவுகளிலுள்ள வயதையும் சரிபாருங்கள்.

இத்தேதிக்கு இன்றும் விலையுண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றும் வெளியே. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய வழக்கில், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்கின் பதிவையும் உச்ச நீதிமன்றம் கருத்தில் கொண்டது. அவரது மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

பேச்சறியாப் பருவத்தில் பிறர் முடிவால் எழுதப்பட்ட ஒரு வரி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவரின் உரிமையைத் தீர்மானிக்கிறது. முன்னோரைத் தேடி அப்பதிவேட்டைத் திறப்போர், அது மறுபுறம் எவ்வாறு வாசிக்கப்படுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.