பெயர்ப் பலகையில் '&' இருக்கட்டும், இணைய முகவரியில் வேண்டாம்

நமது பஸார்களில் '& சன்ஸ்', '& கோ', '& பிரதர்ஸ்' என்ற பெயர்ப் பலகைகளுக்குக் குறைவில்லை. பலகையில் அந்த '&' அழகாகத்தான் இருக்கும். அதே பெயரை இணைய முகவரியில் சேர்த்து வாடிக்கையாளருக்கு அனுப்பினால் அது வியாபாரத்தைக் கெடுக்கவும் கூடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். முகவரியை அழுத்திய உல்லாசப் பயணிக்கு "பக்கம் இல்லை" என்று வந்தால், அவர் நம்மை அழைத்துக் காரணம் கேட்கமாட்டார். அடுத்த விடுதிக்குப் போய்விடுவார்.

இது ஏன் நடக்கிறது? இணைய முகவரியில் சில குறிகளுக்குத் தனி வேலை உண்டு. '?' வந்தால் அதற்குப் பின்னால் கேள்வி விபரம் வருகிறது என்று பொருள். '&' ஒரு விபரத்தையும் அடுத்த விபரத்தையும் பிரிக்கும். '#' பக்கத்தின் உள்ளே ஓர் இடத்தைக் காட்டும். 'நூர் & சன்ஸ்' என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேள்விப் பகுதியில் அந்தப் பெயரை அப்படியே போட்டால், கணினி 'நூர்' என்பதோடு பெயரை முடித்துக்கொள்ளும். 'சன்ஸ்' வேறொரு விபரமாகிவிடும்.

இதற்குப் பரிகாரமும் உண்டு. வேலையுள்ள குறியைப் பெயரின் பகுதியாக எழுத வேண்டுமானால் '%' போட்டு அதன் இலக்கத்தை எழுத வேண்டும். '&' என்பதற்கு %26, இடைவெளிக்கு %20. இந்த விதிமுறையின் இன்றைய வடிவம் 2005இல் வெளியானது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீ அதை எழுதிய மூவரில் ஒருவர். ஆனால் சரியாக எழுதப்படாத மென்பொருள், ஏற்கனவே மாற்றிய முகவரியை மறுபடியும் மாற்றும். அப்போது %26 என்பது %2526 ஆகி, முகவரி பயனற்றுப் போகும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல். 'உப்புவெளி' நமது கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணுவதால், ஒன்பது. ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் '%' உட்பட மூன்று குறிகள். ஆக, இந்த ஒரு சொல்லுக்கே 81 குறிகள்! ஆங்கிலக் குறுந்தகவல் ஒன்றின் 160 இடங்களில் பாதி அதிலேயே போய்விடும். இவ்வளவு நீளத்தை ஏற்காத மென்பொருள் முகவரியை நடுவில் வெட்டிவிட்டால் அது எங்கும் போய்ச் சேராது.

அப்படியானால் தமிழ் முகவரியே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 2010இல் நமது நாட்டுக்கு '.இலங்கை' என்ற தமிழ் ஈறும், சிங்களத்தில் ஓர் ஈறும் கிடைத்தன. அது நமக்குப் பெருமையே. ஆனால் உள்ளே கணினிகள் அந்தப் பெயரை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றியே கையாளுகின்றன. சில பழைய மென்பொருள்கள் தமிழ் முகவரியை ஏற்பதில்லை. ஆகவே தமிழில் ஒன்றும் எளிய ஆங்கில எழுத்தில் ஒன்றும் எடுத்து, இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும்படி செய்வதே புத்தி.

வியாபாரிகள் செய்ய வேண்டியவை:

1. விசிட்டிங் கார்டிலும் பற்றுச்சீட்டிலும் அச்சிடும் முகவரியில் ஆங்கில எழுத்து, இலக்கம், சிறு கோடு ஆகியவை மட்டும் இருக்கட்டும்.

2. பக்கங்களுக்குப் பெயர் வைக்கும்போது '&', '%', '#', இடைவெளி எதுவும் வேண்டாம்.

3. முகவரியை அனுப்பும்போது அதை ஒட்டி முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ போடாதீர்கள். அதுவும் முகவரியோடு சேர்ந்துவிடக் கூடும்.

4. இணையத்தளம் அமைத்தவருக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்கு முன், முகவரியைக் குறுந்தகவல், வட்ஸ்அப், மின்னஞ்சல் மூன்றிலும் உங்களுக்கே அனுப்பி அழுத்திப் பாருங்கள்.

பெயர்ப் பலகையை மாட்டியதும் வீதிக்கு இறங்கி, தூரத்தில் நின்று வாசிக்க முடிகிறதா என்று பார்க்கிறோம். இணைய முகவரியையும் அப்படி ஒருமுறை வெளியில் நின்று பார்த்துவிட வேண்டும்.