கண்ணாடி உலையும் காலி பாட்டில் மூடியும்

ஊறுகாய், தேன், சாஸ் என்று நம் கடைக்குக் கண்ணாடி பாட்டிலில் வரும் சரக்கு பல. அந்த பாட்டில் உருவாகும் உலைக்குள் நடக்கும் ஒரு விஷயம் நம் கடை வாசல் வரை வந்து சேருகிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மணல், சோடா ஆஷ், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிக் கண்ணாடி செய்கிறார்கள். ஆறிய கண்ணாடியில் மின்சாரம் பாயாது. உருகிய கண்ணாடியிலோ சோடியம் அயனிகள் நகர்ந்து மின்சாரத்தைச் சுமந்து செல்லும். ஆகவே பல ஆலைகளில் எண்ணெய் அல்லது எரிவாயுவோடு, குழம்புக்குள் உலோகத் தண்டுகளைச் செருகி மின்சாரத்தாலும் சூடேற்றுகிறார்கள். இத்தண்டுகளுக்கு மின்முனை என்று பெயர்.

இரும்பைச் செருகினால் கண்ணாடி பச்சை நிறமாகிவிடும். பிளாட்டினம் விலை கட்டாது. எனவே பெரும்பாலும் மாலிப்டினம் என்ற உலோகமே பயன்படுகிறது. அது உருக 2,600 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் ஆக்சிஜன் அதற்குப் பகை. சூடான நிலையில் காற்றுப் பட்டால் புகையாகப் போய்விடும். அதனால் உலைச் சுவரைத் தாண்டும் பகுதிக்குத் தண்ணீர் ஓடும் உறை போட்டுக் குளிர்விக்கிறார்கள். நேர்மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் ஆக்சிஜன் சேர்ந்து உலோகத்தைத் தின்னும். ஆகவே திசை மாறி மாறிப் பாயும் மாறுமின்சாரமே கொடுக்கிறார்கள். அப்படியும் தண்டு மெல்லத் தேயும். தேயத் தேயப் பின்னால் புதுத் தண்டைத் திருகி உள்ளே தள்ளுகிறார்கள்.

கண்ணாடிக்குள்ளும் ஆக்சிஜன் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஈயம் கலந்த கண்ணாடியில் மாலிப்டினம், ஈய ஆக்சைடிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துத் தான் கரையும்; ஈயம் தனி உலோகமாகத் துளித்துளியாகப் பிரியும். ஆகவே அங்கே வெள்ளீய ஆக்சைடு மின்முனையை வைக்கிறார்கள். ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்த பொருள் என்பதால் அது பறிக்காது.

நம் சங்கதி இனித்தான் வருகிறது. காலி பாட்டில் உடைசலையும் உலையில் போடுகிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு உடைசல் சேர்த்தால் எரிசக்தி ஏறத்தாழ 2.5 முதல் 3 சதவீதம் மிச்சம். ஆனால் அதோடு அலுமினிய மூடியும் போனால், அது மணலின் ஆக்சிஜனைப் பறித்துச் சிலிக்கன் மணிகளை உண்டாக்கும். கண்ணாடி ஆறிச் சுருங்கும் அளவுக்கு அம்மணி சுருங்காது; சுற்றிலும் கீறல் விழும். அந்த பாட்டில் நம் கடையிலோ வாடிக்கையாளர் கையிலோ உடையலாம். ஈயத் தகடு போனால் உருகி அடியில் இறங்கி உலையின் தரையையே துளைக்கும். பீங்கான் உடைசலோ உருகாமல் கல்லாக நிற்கும்.

எனவே காலி பாட்டில்களைப் பழைய சாமான் வியாபாரிக்குப் போடும்போது மூடி, தகடு, பீங்கான் ஆகியவற்றைப் பிரித்துவிட வேண்டுகிறேன். கடைப் பையனுக்கு அரை மணி நேர வேலைதான். நாம் போட்ட உடைசலே நாளை புது பாட்டிலாக நம் அலமாரிக்குத் திரும்பும் என்பதை மறக்க வேண்டாம்.