டயபர் மாத்தும்போது ஒரு கால் மட்டும் விரியலையா? குழந்தைகளின் இடுப்பு மூட்டு விலகல்: எப்போது, என்ன சிகிச்சை?

பிறந்து மூணு மாசம் ஆச்சு. பாப்பா சிரிக்குது, காலை உதைக்குது, தடுப்பூசியும் போட்டாச்சு. ஆனா டயபர் மாத்தும்போது இடது கால் மட்டும் பக்கவாட்டில் முழுசாக விரிய மாட்டேங்குது. "வளர வளர சரியாகிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் இது இடுப்பு மூட்டு விலகலாக இருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் சிகிச்சையைப் பெரிதாக்கிவிடும்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

இடுப்பு எலும்பில் கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் பந்து போன்ற மேல்முனை அதில் உட்கார்ந்திருக்கும். சில குழந்தைகளுக்கு இந்தக் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கும், பந்து நழுவும். இதைத்தான் மருத்துவர்கள் 'டி.டி.ஹெச்.' என்கிறார்கள். 1,000 குழந்தைகளில் ஓரிருவருக்கு மூட்டு முழுமையாகவே விலகியிருக்கும்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். பந்து உள்ளே உட்கார்ந்து அழுத்தினால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். பந்து வெளியே இருந்தால் கிண்ணம் தட்டையாகவே போய்விடும். முதல் சில மாதங்களில் எலும்பு வேகமாக வளர்வதால், அப்போது பந்தை உள்ளே நிறுத்திவிட்டால் மீதி வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

குழந்தை அழாது, அதுதான் சிக்கல்

பச்சைக் குழந்தைக்கு இது வலிக்காது. பெரும்பாலும் மற்ற குழந்தைகளைப் போலவே நடக்கவும் தொடங்கிவிடும், ஆனால் தாங்கித் தாங்கி. இரண்டு பக்கமும் விலகியிருந்தால் வாத்து நடை. நம்ம ஊரில் பல பெற்றோர் அப்போதுதான் டாக்டரிடம் ஓடுகிறார்கள்.

அதற்கு முன்பே தெரியும் அறிகுறிகள்: ஒரு கால் குறைவாக விரிவது, முழங்காலை மடக்கி வைத்தால் ஒன்று தாழ்ந்து தெரிவது, தொடை மடிப்புகள் இரு பக்கமும் வேறுபடுவது. மடிப்பு மட்டும் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், நல்ல குழந்தைகளுக்கும் அப்படி இருக்கும்.

பெண் குழந்தை, தலைப்பிரசவம், குடும்பத்தில் யாருக்காவது இந்தப் பிரச்சினை, பனிக்குட நீர் குறைவு ஆகியவை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வயிற்றில் தலை மேலாக, புட்டம் கீழாக இருந்த குழந்தை என்றால், டாக்டர் கையால் பார்த்து 'நார்மல்' என்றாலும் சுமார் 6 வாரத்தில் இடுப்பு ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். 4 மாதம் வரை எக்ஸ்ரே அவ்வளவாக உதவாது. பந்து அப்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஆஸ்திரியாவில் 1992 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஸ்கேன் எடுக்கிறார்கள்.

6 மாதத்துக்குள் கண்டுபிடித்தால்...

கத்தி இல்லை, பெரும்பாலும் ஒரு பட்டை போதும். செக் நாட்டு மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் 1940-களில் உருவாக்கிய 'பாவ்லிக் ஹார்னெஸ்' தோளிலிருந்து பாதம் வரை வரும். காலைத் தவளை மாதிரி மடக்கி விரித்து வைக்கும். குழந்தை காலை ஆட்டலாம், நீட்டத்தான் முடியாது. பொதுவாக 6 முதல் 12 வாரம், ஆரம்பத்தில் கிட்டத்தட்ட நாள் முழுக்க.

உண்மையான சோதனை வீட்டில்தான். "பச்சப் புள்ளைய இப்படிக் கட்டி வெச்சிருக்கீங்களே" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பாவம் பார்த்துக் கழற்றி வைத்தால், பந்து மறுபடி நழுவும். குளிப்பாட்டக் கழற்றலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுவரை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பட்டையை நீங்களே இறுக்கவோ தளர்த்தவோ கூடாது. குழந்தை திடீரென ஒரு காலை உதைப்பதை நிறுத்தினால் உடனே காட்டுங்கள், நரம்பு அழுந்தியிருக்கலாம். மூணு, நாலு வாரத்தில் பந்து உள்ளே போகவில்லை என்றால் டாக்டரே பட்டையை நிறுத்தி வேறு வழி பார்ப்பார். ரெண்டு டயபர் சேர்த்துப் போட்டால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை.

தாமதமானால்?

6 மாதம் தாண்டினால் மயக்கம் கொடுத்து மூட்டைப் பொருத்தி, இடுப்பிலிருந்து கால் வரை சுமார் 3 மாதம் மாவுக்கட்டு. ஒன்றரை வயதுக்கு மேல் என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, எலும்பை வெட்டிச் சரிசெய்யவும் வேண்டியிருக்கும். விட்டேவிட்டால் இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம்.

பாட்டி வைத்தியத்தில் எது சரி, எது தப்பு?

குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அது ரொம்ப நல்லது, கால் தானாக விரிந்திருக்கும். ஆனால் காலை நீட்டி இறுக்கித் துணி சுற்றுவது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது காலைப் பிடித்து இழுப்பது, தலைகீழாகத் தூக்குவது வேண்டாம். ஜப்பானில் 1975-ல் இப்படிக் காலை நீட்டிச் சுற்றுவதற்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. அதன்பின் அங்கே இந்தப் பாதிப்பு பெருமளவு குறைந்தது.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. சிறார் நலத் திட்டத்தில் இந்தக் குறைபாடும் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலோ, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்திலோ கேட்டால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.