மணிக்கட்டு நொறுங்கினால் கட்டு போதுமா?

ஒடுகத்தூர்ப் பக்கம் கை முறிந்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டு. ஆந்திர எல்லையைத் தாண்டினால் போதும். கத்தி இல்லை, செலவும் குறைவு. எலும்பு விலகாத சாதாரண முறிவு எந்தக் கட்டிலும் பெரும்பாலும் கூடிவிடும் என்பதால் வளர்ந்த நம்பிக்கை அது. பைக்கிலிருந்தோ தென்னை மரத்திலிருந்தோ விழுந்து மணிக்கட்டு நொறுங்கியவருக்கு அந்தக் கட்டு உதவாது.

உள்ளே உடைவது என்ன?

விழும்போது கையை ஊன்றுகிறோம். உடல் பாரம் முழுக்க ஆரை எலும்பின் நுனியில் இறங்குகிறது. இந்த நுனி முறிவை அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே, எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகள் முன்பே, விவரித்துவிட்டார். முறிவு மூட்டுக்குள் பாய்ந்து பல துண்டானால்தான் சிக்கல். மூட்டுப் பரப்பில் 2 மி.மீ. மேடுபள்ளம் நின்றாலே பிற்பாடு தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுகிறது. எலும்பு எப்படியும் கூடும், கோணலாகக் கூடும்! ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு மணிக்கட்டு மடங்காவிட்டால் பிழைப்பே போயிற்று.

ஆபரேஷன்

எக்ஸ்ரேயில் பிடிபடாத துண்டுகளை சி.டி. ஸ்கேன் காட்டும். பலருக்குக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். உள்ளங்கைப் பக்கமாக, மணிக்கட்டுக்குச் சற்று மேலே கீறி, ரத்தக்குழாயையும் நரம்பையும் ஒதுக்கி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே துண்டுகளை வரிசைப்படுத்துகிறார்கள். பிறகு பிளேட்டும் ஸ்க்ரூவும். இப்போதைய ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே மரையாக இறுகுவதால், வயதானவர்களின் நொய்ந்த எலும்பிலும் பிடிப்பு எளிதில் தளராது. பொடியாக நொறுங்கியிருந்தால் வெளியே கம்பிச் சட்டம் மாட்டுவதும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. தாமதித்தால் துண்டுகள் கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும்.

மறுநாளே விரல்களை மடக்கி நீட்டச் சொல்வார்கள். வலிக்குப் பயந்து கையைத் தூளியில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பவர்களுக்கு விரல் இறுகிவிடும். வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியபோதும், பயிற்சி சிகிச்சையின் பகுதியாகவே இருந்தது.

விழுந்த உடனே

மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அட்டையோ மரச்சட்டமோ வைத்துத் தளர்வாகக் கட்டி, கையை உயர்த்திப் பிடியுங்கள். எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். எங்கே கட்டுப் போட்டாலும் விரல் நீலம்பூத்தால், மரத்தால், விரலை நீட்டிவிடும்போது உயிர்போகும் வலி எடுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறுகிய கட்டுக்குள் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பணம் கட்ட வேண்டாம். கம்பெனியில் வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. அட்டையையும் எடுத்துப் போங்கள்.