பின்னி மில் வரலாறு: நீராவி இன்ஜினில் தொடங்கி தொழிற்சங்கச் சட்டம் வரை... நடந்தது என்ன?

வடசென்னையில் பின்னி மில் என்று சொன்னால் போதும், வழி கேட்கவே வேண்டாம். சினிமா ஷூட்டிங் நடக்குற இடம்னு இன்றைய தலைமுறைக்குத் தெரியும். ஆனால் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறக்கக் காரணமே இந்த மில்தான்.

எப்போது தொடங்கியது?

பெரம்பூர் பகுதியில் பின்னி நிறுவனம் 1876-ல் பக்கிங்ஹாம் மில்லைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கர்நாடிக் மில் வந்தது. 1920-ல் இரண்டும் இணைந்து ‘பி அண்ட் சி மில்’ ஆனது. இங்கு தயாரான காக்கித் துணி ரொம்பவே பிரபலம்.

நீராவி மில் எப்படி ஓடும்?

நிலக்கரியை எரித்து பாய்லரில் நீராவி உண்டாக்குவார்கள். அது இன்ஜினின் பெரிய சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுழற்சி, கூரையை ஒட்டி ஓடும் நீளமான இரும்புத் தண்டுகளுக்குப் போய், பெல்ட் வழியாக ஒவ்வொரு நூற்பு இயந்திரத்துக்கும் இறங்கும்.

அதாவது, ஒரே இன்ஜின்தான் மொத்த மில்லையும் ஓட்டும். இன்ஜின் ஓடுற வரைக்கும் எல்லா இயந்திரமும் ஓடும். வீட்டுத் தறியில் நெசவாளி நினைத்தால் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால்தான் வெளியே.

பிரச்னை எங்கே வெடித்தது?

1911 சட்டப்படி ஆண்களை நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு வெறும் அரை மணி நேரம். கை கழுவி, சாப்பிட்டு, ஓடி வரவே நேரம் போதாது. இந்தக் கோபம்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கமாக மாறியது. பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க.வும் உடன் நின்றார்.

கோர்ட்டுக்குப் போன நிர்வாகம்

வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டியதாக 1920-ல் வாடியா உள்ளிட்டோர் மீது நிர்வாகம் வழக்கு போட்டது. உயர் நீதிமன்றம் தடை உத்தரவு பிறப்பித்தது. சங்கம் வைத்தாலே வழக்கா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது.

1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தொழிலாளர்கள் சாதியாகப் பிளவுபட்டதும் போராட்டத்தை முறித்தது.

கடைசியில் என்ன கிடைத்தது?

1926-ல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, பதிவு பெற்ற சங்கத்தின் மீது இனி வழக்கு போட முடியாது என அது சொன்னது.

மில் 1996-ல் மூடப்பட்டது. சங்கு ஓய்ந்துவிட்டது. அரை மணி நேரச் சாப்பாட்டுச் சண்டையில் கிளம்பிய உரிமை மட்டும் ஓயவில்லை.